ஒன்பது கலர் இருந்து என்ன, ஆறு மணிக்கு வாங்க!

"கலர் கலரா ஒரு குருவி பார்த்தேங்க, என்ன குருவின்னு சொல்லுங்களேன்."

நமக்குப் பறவை பார்க்கிற கிறுக்கு இருக்குன்னு வெளியில தெரிஞ்சுட்டா போதும், மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படிக் கேட்டுட்டு வருவாங்க. சரி, என்ன கலர்னு கேட்டா "பச்சை.. கொஞ்சம் நீலம்.. வயித்துல மஞ்சளா இருந்த மாதிரியும் இருந்துச்சு.. சிவப்பு கூட இருந்துச்சோ?" ஆக மீன்கொத்தியில ஆரம்பிச்சு யார் வீட்டுக் கூண்டுல இருந்தோ தப்பிச்ச கிளி வரைக்கும் எல்லாமே உள்ளே வந்தாச்சு. தரையில இருந்துச்சா மரத்துலயா? நடந்துச்சா தத்துச்சா? மணி என்ன இருக்கும்? சத்தம் போட்டுச்சா? இதுல ஒண்ணுக்கும் பதில் வராது. "அதெல்லாம் கவனிக்கலைங்க, கலர்தான் அப்படியே கண்ணுல நிக்குது!"

அந்தக் கண்ணுல நிக்கிற கலரைத்தான் நான் நம்பாதீங்கன்னு சொல்றேன். பறவையை அடையாளம் காண்றதுல நிறம் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய சாட்சி. மத்த சாட்சியெல்லாம் சொன்னதுக்கு அப்புறம் 'ஆமாம் சாமி' போட மட்டும்தான் அது லாயக்கு. அடிக்க வர்றவங்க இந்தப் பதிவை முழுசா படிச்சுட்டு வரவும். :-)

கலரை வெச்சே ஒரு பறவையைக் கண்டுபிடிச்சுடலாம்னா, அது முதல்ல நம்ம ஆறுமணிக்குருவிக்குத்தான் பலிக்கணும். இந்தியில அதுக்குப் பேரே 'நவரங்'. ஒன்பது நிறம். எண்ணிப் பார்த்தா கணக்கு கிட்டத்தட்ட சரியாத்தான் வருது: முதுகு பச்சை, மார்பும் வயிறும் சந்தனமும் காவியும் கலந்த ஒரு நிறம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, இறக்கையிலும் வாலுக்கு மேலயும் பளபளன்னு நீலம், தொண்டை வெள்ளை, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டின மாதிரி பட்டையாக் கறுப்பு, கால் வெளிறிய ரோஜா நிறம். மைனாவை விடச் சின்னது, எடை அம்பது அறுபது கிராம்தான். வால்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது, அளவெடுக்கும்போது தையல்காரர் தூங்கிட்டாரோன்னு தோணும். இலங்கையில சிங்களவங்க இதை 'அவிச்சியா'ம்பாங்க. தன்னோட உடுப்பை மயில் திருடிட்டுப் போயிடுச்சுன்னுதான் இது கத்துதாம், அங்க அப்படி ஒரு கதை. இவ்வளவு கலரை மிச்சம் வெச்சுக்கிட்டு இன்னும் என்ன புகார்னு தெரியலை.

இப்பேர்ப்பட்ட பறவை சாலையில இருந்து பத்தடி தள்ளி உண்ணிப்புதருக்குள்ள நிக்கும். நம்ம கண்ணுக்குப் படாது. ஜவ்வாது மலையில எனக்கு எத்தனை தடவை அது 'கேட்டிருக்கு'ன்னு கணக்கு வெச்சிருக்கேன். 'பார்த்த' கணக்கு அதுல கால்வாசி கூட வராது.

ஏன்னு யோசிச்சா காரணம் ரொம்ப சாதாரணம். சாலிம் அலியோட புத்தகம் 1941-ல வந்தது. அதுல தொடங்கி நேத்து வந்த கையேடு வரைக்கும் பறவையைப் பக்கவாட்டுல, முழு வெளிச்சத்துல, ஒன்பது கலரும் தெரியிற மாதிரிதான் வரையறாங்க. வரையறவங்களைக் குறை சொல்ல முடியாது, அவங்களுக்கு வேற வழி இல்லை. ஆனா காட்டுல அது நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, நிழல்ல, சருகுக்கு நடுவுல நிக்குது. மேல இருந்து பார்த்தா மங்கின பச்சை மட்டும்தான். சிவப்பு கீழே, வாலடியில ஒளிஞ்சிருக்கு. நீலம் வெளிச்சம் படுற கோணத்துல மட்டும்தான் மின்னும். படத்துக்குக் கீழே 'எங்கே இருக்கும், எப்படி இரை தேடும், எப்போ கத்தும்'னு நாலு வரி எழுதியிருப்பாங்க இல்லையா? நாம படிக்காமத் தாண்டிப் போறோமே, கண்டுபிடிக்கிற வழி அந்த நாலு வரியிலதான் இருக்கு.

இதுக்கு மேல இன்னொரு கூத்து இருக்கு. இந்தப் பறவை வாயைத் திறக்கிறதே பெரும்பாலும் விடியற நேரத்துலயும் அந்தி நேரத்துலயும்தான். அந்த நேரத்துல நம்ம கண்ணு என்ன பண்ணுது? வெளிச்சம் குறையக் குறைய நிறம் பார்க்கிற செல்கள் வேலையைக் குறைச்சுக்கிட்டு, இருட்டுல பார்க்கிற செல்கள் பொறுப்பை எடுத்துக்கும். அதுங்களுக்குச் சிவப்புன்னா கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியாது. அதனால சாயங்காலம் முதல்ல செத்துப்போற நிறம் சிவப்பு. பர்கின்யே என்கிற செக் நாட்டு விஞ்ஞானி இதை 19-ம் நூற்றாண்டிலேயே கவனிச்சுச் சொல்லியிருக்கார். வெயில்ல நெருப்பா ஜொலிக்கிற செம்பருத்தி ஆறரை மணிக்குக் கறுப்பாத் தெரியுதே, அதேதான்.

அதே ஜவ்வாது மலையில காவலூர் இருக்கு. வைணு பாப்பு பேர்ல 1986-ல இருந்து அந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற இடம். ராத்திரியில நட்சத்திரம் பார்க்கிறவங்க பொதுவா சிவப்பு விளக்குதான் வெச்சுக்குவாங்க. ஏன்னா சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகின கண்ணைக் கெடுக்காது, அந்தச் செல்களுக்குத்தான் அது தெரியவே தெரியாதே. வானம் பார்க்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அவங்க வாசல்லயே கத்துற குருவியைத் தேடிப் போற நாம மட்டும் ஆறு மணிக்குப் போய் சிவப்பு வயித்தைத் தேடிக்கிட்டிருக்கோம்.

இப்ப பேருக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். இந்திக்காரங்க நிறத்தைப் பார்த்துப் பேர் வெச்சாங்க. லின்னேயஸ் 1766-ல அறிவியல் பேர் வைக்கும்போது வாலைப் பார்த்தார். 'குட்டைவால்'னு வெச்சதோட நிக்காம இதைக் காக்கை இனத்துல வேற சேர்த்துட்டார்! (நவரங் காக்கா.. கற்பனை பண்ணிப் பாருங்க.) அப்புறம் 1816-ல வியேலோ என்கிற பிரெஞ்சுக்காரர் தனிப் பேரினமாப் பிரிச்சார். அதுக்கு வெச்ச பேரு 'பிட்டா'. அது நம்ம பக்கத்து வீட்டு வார்த்தைதான். தெலுங்குல 'பிட்ட'ன்னா சின்னப் பறவை, குருவி. உலகம் பூரா இன்னைக்கு இந்தக் குடும்பத்துக்கே அதுதான் பேர்.

நம்மாளு வெச்ச பேரு ஆறுமணிக்குருவி. நிறமும் இல்லை, வாலும் இல்லை, நேரம்! இதை விட உருப்படியான அடையாளக் குறிப்பு எந்தக் கையேட்டுல இருக்கு சொல்லுங்க. எப்போ போகணும், எதை வெச்சுத் தேடணும், ரெண்டையும் ஒரே பேருக்குள்ள மடிச்சு வெச்சிருக்கான். கண்ணை மூடு, காதைத் திற, ஆறு மணிக்கு வா. அவ்வளவுதான்.

இன்னொண்ணும் கவனிங்க. இந்தக் குருவி இனப்பெருக்கம் பண்றது இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும். தென்மேற்குப் பருவமழை சமயத்துல அங்க கூடு கட்டும். செப்டம்பர் அக்டோபர் வாக்குல தெற்கே கிளம்பி வரும், ஏப்ரல் மே-யில திரும்பிப் போகும். கூடு கட்டுற ஜூன் மாசத்துல டேராடூன் பக்கம் சூரியன் அஞ்சேகால் வாக்குல உதிச்சு ஏழேகாலுக்கு மேலதான் மறையும். அங்க இதுக்கு 'ஆறு மணி'ன்னு பேர் வைக்க யாருக்காவது தோணுமா? இது இங்க இருக்கிற அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நம்ம பக்கம் விடியலும் அந்தியும் ஆறுல இருந்து ஆறரையைச் சுத்தியே நிக்கும். (ஜனவரி, பிப்ரவரி வாக்குல உதயம் ஆறரையைத் தாண்டிடும், குருவி வெளிச்சத்தைத்தான் பார்க்கும், கடிகாரத்தை இல்லை.) ஆக இந்தப் பேர் இங்கே, இந்த நிலத்துல நின்னு, வருஷா வருஷம் காதால கேட்டவன் வெச்ச பேர். மணிக்கணக்குல பேர் இருக்கிறதால கடிகாரம் வந்ததுக்கு அப்புறம் பொறந்த பேராத்தான் இருக்கணும்கிறது என் யூகம். அதனால என்ன, சங்க காலப் பேர் இல்லேன்னா மதிப்பு குறைஞ்சுடுமா?

ஜமுனாமரத்தூர்ல இருந்து உள்ளே போற ஒரு மலைக் கிராமத்துல, சாமைக் கொல்லை ஓரமா நின்னுக்கிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட போன்ல படத்தைக் காட்டி "இதைப் பார்த்திருக்கீங்களா ஐயா?"ன்னு கேட்டேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். சரி போகட்டும்னு நானே வாயால 'வ்வீட்.. ட்டியூ'ன்னு சீட்டி அடிச்சுக் காட்டினேன். மனுஷன் முகம் மாறிடுச்சு. "அட, அதுவா! பொழுது எறங்கசொல்ல அந்த ஓடைக்குள்ள கூவுமே. அது கண்ணுக்கு எங்க ஆப்புடும் தம்பி, காதுக்குத்தான் ஆப்புடும்"னார். நாலு பக்கத்துக்கு நான் எழுதிக்கிட்டிருக்கிறதை அவர் ஒரே வரியில முடிச்சுட்டார்.

அப்போ காதுல எப்படிப் பிடிக்கிறது? தெளிவான, கணீர்னு ரெண்டு சுரம் உள்ள சீட்டி. முதல்ல மேலே ஏறும், உடனே கீழே இறங்கும். அடுத்தடுத்து விடாம அடிக்காது. ஒண்ணு, அப்புறம் நல்ல இடைவெளி விட்டு இன்னொண்ணு. தூரத்துல இன்னொரு குருவி பதில் சொன்னாலும் சொல்லும். இதுல ஒரு வசதி இருக்கு. பறவையியல் கணக்குப்படி இது கறாரான அர்த்தத்துல 'பாடும் பறவை' கிடையாது! மரத்துல உட்கார்ற பறவைகளோட பெரிய குடும்பத்துல, பாட்டைக் கேட்டுக் கத்துக்கிற கோஷ்டி ஒண்ணு, நம்ம குண்டுக்கரிச்சான் அதுல சேர்த்தி. ஆறுமணிக்குருவி இருக்கிற கோஷ்டியில பொதுவா குரல் பிறவியிலேயே வர்றது. வாத்தியார் இல்லாத வித்துவான். அதனால சங்கதி எல்லாம் போடாது, ஊருக்கு ஊர் ராகம் மாத்தாது. ஒரு தடவை காதுல ஏறிட்டா ஆயுசுக்கும் போதும். போன்ல இருக்கிற மெர்லின் செயலி இந்தக் குரலைச் சொல்லிடும்தான், நானும் வெச்சிருக்கேன். ஆனா கரிச்சான்கள்ல சிலது அடுத்தவன் குரலை அச்சு அசலாக் காப்பியடிக்கும், அதையும் செயலி நம்பிடலாம். செயலி சொன்னதும் 'டிக்' போட்டுட்டு அடுத்த ஊருக்குப் போறவங்களுக்குக் காதுல ஒண்ணுமே தங்குறதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

குரலுக்கு அடுத்த சாட்சி சருகு. ஏப்ரல்ல ஜவ்வாது மலைக்காடு காய்ஞ்சு கிடக்கும், எறும்பு நடந்தாலே கேட்கும். சலசலன்னு நாலாபக்கமும் ரகளையா இருந்தா தவிட்டுக்குருவிக் கூட்டம். சர்ருன்னு ஒரே ஓட்டமா ஓடி நின்னா ஓணானோ அரணையோ. ஆறுமணிக்குருவி தத்தும். ரெண்டு தத்து, அமைதி, அப்புறம் ஒரு சருகு புரளும் சத்தம், மறுபடி அமைதி. இலையைப் புரட்டிப் புழு பூச்சி தேடுது. குட்டைவால் மெதுவா மேலே கீழே ஆடும், அது தெரிஞ்சுட்டா முடிஞ்சுது. இதே வேலையை இதே தரையில செந்தலைப் பூங்குருவியும் செய்யும். ஆனா அதுக்கு ஒழுங்கான வால் உண்டு, தலையும் வயிறும் ஆரஞ்சு, முதுகு நீலச்சாம்பல். மரகதப்புறாவும் பாதையோரத்துல இருந்து பச்சையா ஒரு மின்னல் மின்னிட்டுப் போகும். "பச்சையாப் பறந்துச்சு சார், பிட்டாதான்"னு சத்தியம் பண்றவங்கள்ல பாதிப் பேர் பார்த்தது இந்தப் புறாவைத்தான். புறா தரையில நடக்கும், தத்தாது. பாருங்க, இங்கயும் கலர் ஏமாத்துது, கால்தான் காட்டிக்கொடுக்குது.

இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்ததுக்குக் காரணம் இனிமேதான் வருது. கலர்தான் எல்லாம்னு நம்பினா அடுத்த படி என்ன? அந்தக் கலர் எனக்குத் தெரியணும், படத்துல விழணும். அது புதருக்குள்ள இருக்கு. அப்போ வெளியே இழுக்கணும். எப்படி? அதோட குரலைப் பதிவு பண்ணி ஸ்பீக்கர்ல போடுறது!

மலைப்பாதையில வண்டியை நிறுத்திட்டு, உள்ளங்கை அளவு ஸ்பீக்கரைப் பாறை மேல வெச்சு, திரும்பத் திரும்ப 'வ்வீட் ட்டியூ' ஓட விட்ட ரெண்டு பேரை என் கண்ணால பார்த்தேன். யாருன்னு தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லப் போறதில்லை. இருபது நிமிஷம். குருவி வந்துச்சு. தலையை அண்ணாந்து கத்திக்கிட்டு, கிளையில இருந்து கிளைக்கு, இல்லாத எதிரியைத் தேடிக்கிட்டு. படம் அற்புதமா வந்திருக்கும், சந்தேகமே இல்லை.

"இங்க அது கூடு கட்டுறதில்லையே, குஞ்சு கிடையாதே, இதுல என்ன கெடுதல்?"னு கேட்பாங்க. கேட்டாங்க. கேள்வி நியாயமானதுதான், அதனால பதிலும் சொல்லணும். வலசை வர்ற பிட்டாக்கள் குளிர்காலத்துல இரை தேடுற இடத்துக்கும் எல்லை வெச்சுக் காவல் காக்கும். உன் எல்லைக்குள்ள ஒருத்தன் நிக்கிறான்னு ஸ்பீக்கர் சொன்னா, திங்கிற வேலையை விட்டுட்டு அது வந்தே ஆகணும். அக்டோபர்ல வர்றது ராத்திரி ராத்திரியாப் பறந்து சோர்ந்து வந்தது. களைச்சுப்போய் வீட்டு வராந்தாவுல, குளியலறையில எல்லாம் வந்து விழுற குருவி இது. (அப்படி வந்தா காத்தோட்டமுள்ள அட்டைப்பெட்டியில இருட்டா, அமைதியா வைங்க. பூனையைத் துரத்துங்க. வாயைத் திறந்து தண்ணி ஊத்தாதீங்க. தெம்பு வந்ததும் தோட்டத்துல விடுங்க. அடிபட்டிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க.) ஏப்ரல்ல இருக்கிறது திரும்பப் பறக்கக் கொழுப்பு சேர்க்கிறது. ரெண்டு சமயத்துலயும் அதுக்கு ஒரு காலைப் பொழுதோட தீனி பெரிய விஷயம்.

"ஒரே ஒரு தடவைதான்"னு அடுத்த சமாதானம். உனக்கு ஒரு தடவை. சனி ஞாயிறுன்னா அந்த ஓடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு தடவை. குருவிக்கு எத்தனைன்னு அதுகிட்டதான் கேட்கணும்.

"பார்க்கலைன்னா லிஸ்ட்ல சேர்க்க முடியாதே"ன்னும் சொல்வாங்க. தப்பு. இபேர்டு மாதிரியான தளத்துலயே குரலை மட்டும் கேட்டுப் பதியலாம். கேட்டதும் கணக்குதான்.

உண்மையைச் சொல்லிடறேன், இது அழிவோட விளிம்புல நிக்கிற பறவை இல்லை. உலகப் பட்டியல்ல 'கவலை குறைந்த' வகையிலதான் இருக்கு. ரெண்டு பேர் ஸ்பீக்கர் வெச்சதால இனமே அழிஞ்சுடும்னு நான் கூப்பாடு போடலை. ஆனா ஒரு பறவையோட பேரிலேயே 'ஆறு மணிக்குக் காதைக் கொடு'ன்னு எழுதி வெச்ச ஊர்ல, பகல் பதினோரு மணிக்கு அதைக் கூப்பிட்டு வெச்சுக் கலர் பார்க்கிறது எனக்கு என்னமோ கல்யாண வீட்டுல நாதஸ்வரக்காரரை நிறுத்தி வெச்சு அவர் சட்டையைப் படம் பிடிக்கிற மாதிரி இருக்கு. அவ்வளவுதான் சொல்வேன்.

அக்டோபர்ல போறவங்களுக்கு: ஆலங்காயம் வழியா ஏறினா காவலூர் தாண்டி ஜமுனாமரத்தூர் போற சாலை, போளூர்ல இருந்து ஏறினா அந்தப் பக்கச் சாலை, எது வேணா பிடிங்க. காப்புக்காட்டுக்குள்ள போகணும்னா வனத்துறை அனுமதி வேணும், ஆனா இதுக்குக் காட்டுக்குள்ள போகவே தேவையில்லை. சாலையோரமா ஓடை குறுக்கே போற, புதர் அடர்ந்த, நிழலான இடமாப் பார்த்து சாயங்காலம் அஞ்சரைக்கே போய் உட்கார்ந்துடுங்க. கேமராவைப் பையிலயே வைங்க. பளிச்சுன்னு சட்டை வேண்டாம். கதை பேசாதீங்க, முறுக்குப் பொட்டலம் கூட வேண்டாம். முதல் சீட்டி கேட்டதும் எழுந்து ஓடாதீங்க. ரெண்டாவது வரட்டும், திசை பிடிபடும். இருட்டுறதுக்குள்ள பெரும்பாலும் தாழ்வான கிளையில ஏறித்தான் கத்தும், அப்போ வானத்துக்கு எதிர்ல ஒரு உருண்டையான, வாலில்லாத நிழல் தெரியலாம். கலர் ஒண்ணு கூடத் தெரியாது. ஆனா அது என்னன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும்.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். தோட்டக்கள்ளன்னும் இதுக்கு ஒரு பேர் உண்டு, அதுவும் நடத்தையை வெச்சு வந்த பேர்தான். இன்னும் என்னென்ன பேர் எந்தெந்த ஊர்ல இருக்கோ. உங்க பாட்டி, தாத்தா, ஆடு மேய்க்கிற மாமா யார்கிட்டயாவது கேளுங்க. படத்தைக் காட்டிக் கேட்காதீங்க, சீட்டி அடிச்சுக் கேளுங்க. என்ன பேர் சொன்னாங்கன்னு பின்னூட்டத்துல ஊர்ப் பேரோட எழுதிட்டுப் போங்க.